அடுத்த துண்டு எது? – தையல் கேள்வி பதில்

போன இதழில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்கள் தைத்த போர்வைகளைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். பழைய துணிகளை வெட்டி, ஒட்டுப் போட்டு, நடுவில் பஞ்சு வைத்து மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கிற போர்வையைக் குயில்ட் என்பார்கள். அந்தப் பெண்கள் வரைபடம், அளவு எதுவும் இல்லாமல், கையில் கிடைத்த துணி சொல்கிறபடி தைத்துக்கொண்டே போவார்கள் என்று எழுதியதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்த மாதப் பக்கம் முழுக்க அதற்கே. ஜாக்கெட் கழுத்து பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் கட்டாயம் எழுதுகிறேன்.

கேள்வி: நான் எதையும் நோட்டில் எழுதித் திட்டம் போட்டுச் செய்கிறவள். மளிகை லிஸ்ட் தொடங்கி மகள் படிப்பு வரைக்கும் அப்படித்தான். போன வருஷம் கணவருக்கு வேலை போய் நாங்கள் சொந்த ஊருக்கே திரும்பி வந்துவிட்டோம். மகள் பாதியில் படிப்பை மாற்றிக்கொண்டாள். நோட்டில் எழுதியது ஒன்றும் நடக்கவில்லை. திட்டமே இல்லாமல் தைப்பது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது உண்மையில் கோபம்தான் வந்தது. அப்படித் தைத்தால் கந்தல் மூட்டைதானே வரும்?
– வாசகி (48), திருச்சி

பதில்: கோபம் வந்தது என்று மறைக்காமல் எழுதினீர்களே, அதற்காகவே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன் சகோதரி. பதினெட்டு வருஷம் ஜாக்கெட் தைத்தவள் நான். கால் இஞ்ச் தப்பினால் கை இறுக்கும், கொடுத்தவர் மறுபடி வரமாட்டார். கழுத்தில் டேப் தொங்காத நாளே கிடையாது. அதனால் அளவெடுக்காமல் தைக்கிறார்கள் என்று முதலில் கேள்விப்பட்டபோது எனக்கும் உங்களுக்கு வந்த அதே எரிச்சல் வந்தது.

ஆனால் அந்தப் போர்வைகளைக் கூர்ந்து பார்த்தால் கணக்கு இருப்பது தெரியும், என்ன, அந்தக் கணக்கு தைக்கத் தைக்கப் போடுகிற கணக்கு. ஹவுஸ்டாப் என்று அங்கே ஒரு முறை உண்டு, கூரை வீட்டை நேர் மேலே நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. நடுவில் உள்ளங்கை அளவில் ஒரு துண்டு. அதன் ஒரு பக்கத்தில் ஒரு பட்டை, திருப்பி அடுத்த பக்கத்தில் இன்னொரு பட்டை, இப்படியே சுற்றிச் சுற்றி வளரும். முதல் பட்டை அகலமாக அமைந்து, இரண்டாவது பட்டைக்குத் துணி போதவில்லை என்றால் அது ஒல்லியாக வரும், கட்டம் ஒரு பக்கமாகச் சாயும். மூன்றாவது பட்டை நீளத்தில் நாலு விரற்கடை குறைந்தால், வேறு நிறத்தில் நாலு விரற்கடை ஒட்டுப் போட்டு நீட்டுவார்கள். அப்புறம் அந்த நிறம் அங்கே ஒற்றையாக நிற்கிறதே என்று எதிர்மூலையில் அதே நிறத்தை இன்னொரு இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். முடிந்த போர்வையைப் பார்க்கிறவர்கள் கண் முதலில் போய் நிற்பது அந்தச் சின்ன ஒட்டில்தான். பற்றாக்குறையால் வந்த ஒட்டு அது. இப்படித் தைப்பதை அந்தப் பெண்கள் ‘என் வழி’ என்று சொல்வார்கள்.

அவர்களுக்கு ஏன் அந்த வழி என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஏதோ பொழுதுபோக்கு மாதிரி ஆகிவிடும். அலபாமா ஆறு ஊரை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது, அந்த வளைவுதான் ‘பெண்ட்’. 1816-இல் ஜோசப் கீ என்பவர் அங்கே பருத்திப் பண்ணை வைத்தார், அவர் பெயரே ஊருக்கு வந்தது. 1845-இல் பண்ணை மார்க் பெட்வே என்பவர் கைக்குப் போனது. அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களுக்கு அவருடைய குடும்பப் பெயரே ஒட்டிக்கொண்டது, இன்றைக்கும் அந்த ஊரில் பெட்வேக்கள் நிறைய. அடிமை முறை ஒழிந்த பிறகும் அதே மண்ணில், விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்கு உழுதார்கள். 1932-இல் அவர்களுக்குக் கடன் கொடுத்து வந்த ஒரு வியாபாரி இறந்துபோக, அவர் மனைவி கடனை வசூலிக்க ஆள் அனுப்பி, சுமார் அறுபது குடும்பங்களின் மாடு, கலப்பை, தானியம் என்று வீட்டில் இருந்த அத்தனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த உணவில்தான் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினார்கள். பலகை இடுக்கில் காற்று வராமல் இருக்கச் சுவரெல்லாம் பழைய செய்தித்தாளை ஒட்டி வைத்திருந்த வீடுகள் அவை. அந்த வீட்டில் போர்வை என்பது பிள்ளைகள் விறைத்துப் போகாமல் காப்பது. பஞ்சுகூட ஜின்னிங் ஆலைத் தரையில் சிதறியதைக் கூட்டி எடுத்து, குச்சியால் அடித்து வைத்ததுதான். இந்த வருஷம் என்ன துணி கிழியும், யாருடைய கால்சட்டை மிஞ்சும் என்று யாருக்குத் தெரியும்? எதை வைத்து வரைபடம் போடுவது?

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கேம்டன் நகரத்துக்குப் போய் வாக்காளராகப் பதிவு செய்ய இந்த ஊர் மக்கள் முயன்ற காலத்தில், 1962-இல், ஆற்றைக் கடக்கிற படகுப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். கண்ணுக்குத் தெரிகிற ஊருக்குச் சாலை வழியாக ஒரு மணி நேரம் சுற்றிப் போக வேண்டிய நிலை. 1965-இல் மார்ட்டின் லூதர் கிங் இந்த ஊருக்கே வந்து பேசினார். படகு திரும்ப ஓடியது 2006-இல், நாற்பத்து நான்கு வருஷம் கழித்து.

இதற்கு நடுவில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம். 1966-இல் அந்த வட்டாரப் பெண்கள் ஃப்ரீடம் குயில்டிங் பீ என்று ஒரு கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். 1972-இல் சியர்ஸ் என்ற பெரிய கடைக்குக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் ஆர்டர் கிடைத்தது. கார்டுராய் என்றால் வரி வரியாக மேடு பள்ளமாக இருக்குமே, பழைய கோட்டு, பேண்ட்டுகளில் பார்த்திருப்பீர்கள், அது. அங்கே எல்லாம் அளவுதான். ஓரம் ஒரு நூல் தப்பக் கூடாது, நான் கடையில் தைத்த மாதிரியே. ஆனால் வெட்டி மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள், தங்கப் பழுப்பு, பாசிப் பச்சை, கருஞ்சிவப்பு, இதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கே தங்கள் வழியில் தைத்தார்கள். அதே கைகள்தான். பகலில் டேப் வைத்து வெட்டிய கை ராத்திரி கண்ணளவில் வெட்டியது. ஒன்று தெரிந்தவர்களுக்கு மற்றது வராது என்று யாரும் சொல்ல முடியாது.

எனவே உங்கள் நோட்டைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். மளிகைக்கு அது வேண்டும். தைக்கும்போது மட்டும் ஓர் ஓரமாக வையுங்கள். நான் முதல்முதலில் இப்படித் தைத்தது என் மகனின் பழைய பள்ளிச் சட்டைகளை வைத்து. நீலக் கட்டம் போட்ட துணி, காலரில் மை படிந்திருக்கும். நாலு சுற்று நன்றாக வந்தது. ஐந்தாவது சுற்றில் கட்டம் போட்ட துணி தீர்ந்துபோய் ஒரு சாண் குறைந்தது. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சில் உணர முடிகிறது. ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். மூன்று நாள் அது சுவரில் ஆணியில் தொங்கியது. நாலாம் நாள் சாயங்காலம் வெயில் சாய்வாக விழுந்தபோது, மாமியாருடைய அரக்குப் பாவாடைத் துண்டு ஒன்று பக்கத்து நாற்காலியில் கிடந்தது, நீலத்துக்குப் பக்கத்தில் அந்த அரக்கைப் பார்த்தேன். வெட்டினேன், தைத்தேன். அந்தப் போர்வையை யார் பார்த்தாலும் இந்த சிவப்பு எப்படி வந்தது என்றுதான் கேட்கிறார்கள்.

நீங்களும் ஒரு துண்டில் தொடங்குங்கள். கணவர் ஆபீசுக்குப் போட்டுப் போன சட்டை இருக்கும் இல்லையா, அதன் முதுகுப் பக்கம் நல்ல துணியாக இருக்கும், அதிலிருந்து உள்ளங்கை அளவு. அதைச் சுற்றி என்ன வரும் என்று இப்போது யோசிக்க வேண்டாம். முதல் பட்டையைத் தைத்து, தேய்த்து, சுவரில் மாட்டி, எட்டடி தள்ளி நின்று பாருங்கள். அடுத்தது என்ன என்பது அப்போது தெரியும். தெரியாவிட்டால் மறுநாள் காலையில் தெரியும். நாலு சுற்று முடிந்ததும் எனக்கு எழுதுங்கள், கோபமாக எழுதினாலும் சரி.

கேள்வி: என்னிடம் சுடிதார் துணி, பாலியஸ்டர் புடவை, பனியன், ஜீன்ஸ் எல்லாம் மூட்டையாக இருக்கிறது. எல்லாவற்றையும் கலந்து தைக்கலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: பருத்தியோடு பருத்தி சேர்த்தால் தொல்லை இல்லை. பாலியஸ்டர் இஸ்திரிச் சூட்டில் சுருங்கும், பக்கத்தில் உள்ள பருத்தியையும் இழுக்கும், அதை முதல் போர்வையில் தவிர்த்துவிடுங்கள். பனியன் துணி இழுபடும், பின்பக்கம் மெல்லிய கேன்வாஸ் ஒட்டினால்தான் நிற்கும். ஜீன்ஸ் தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் நாலு தையல் கூடும் இடத்தில் கெட்டியாகி ஊசி உடையும், மிஷினில் பதினாறாம் நம்பர் ஊசி போடுங்கள். புதுத் துணி சேர்த்தால் முதலில் நனைத்துக் காயப்போடுங்கள், சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். சிவப்பு, அரக்கு, கருநீலம் மூன்றையும் தனித்தனியாக நனைத்து, சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். நடுவில் வைக்க இங்குள்ள வெயிலுக்குப் பஞ்சுப் பட்டை வேண்டாம், ஒரு பழைய பருத்திப் புடவையை இரண்டாக மடித்து வைத்தால் போதும்.

கேள்வி: அம்மா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. பீரோவில் அவருடைய முப்பது புடவைகள் அப்படியே இருக்கின்றன. திறந்தால் நாப்தலின் வாசனையோடு அம்மா வாசனையும் வருகிறது. அக்கா எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார். சித்தி, போனவர்கள் புடவையில் கத்தரி வைக்கக் கூடாது என்கிறார். எனக்கு அதை வைத்து ஒரு போர்வை தைக்க ஆசை. எனக்குத் தைக்கத் தெரியாது. தப்பா அக்கா?
– வாசகர் (39), ஈரோடு

பதில்: தப்பே இல்லை தம்பி. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதே ஜீஸ் பெண்ட்டில் மிசூரி பெட்வே என்று ஒருவர் இருந்தார். அவர் கணவர் 1941-இல் இறந்துபோனார். வயலில் உழைத்த மனிதர், விட்டுப்போனது வேலைக்குப் போட்ட துணிகள்தான். அடுத்த வருஷம், 1942-இல், மிசூரி அந்தத் துணிகளை எடுத்து ஒரு போர்வை தைத்தார். பதின்ம வயதைத் தாண்டிக்கொண்டிருந்த மூத்த மகள் அர்லோன்சியா கூட இருந்து உதவினார். அம்மா ஏன் அதைத் தைத்தார் என்பதை மகள் பிற்காலத்தில் சொன்னார். அவரை நினைத்துக்கொள்ள, அன்புக்காக அதற்கு அடியில் போர்த்திப் படுத்துக்கொள்ள. இவ்வளவுதான் காரணம். இன்றைக்கு அந்தப் போர்வை வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. வெளுத்த நீலம், பழுப்பு, சாம்பல், ஒரு சில சிவப்பு. கோணல்மாணலான பட்டைகள். அவர் அதைக் கலைக்கூடத்துக்காகத் தைக்கவில்லை.

அந்த ஊர் வேலைத்துணிப் போர்வைகளில் ஒன்றைக் கவனித்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். கால்சட்டையில் பாக்கெட்டைப் பிரித்து எடுத்த இடம் மட்டும் கருநீலமாக இருக்கும். சுற்றிலும் வெயிலும் வியர்வையும் தின்று வெளுத்த துணி, நடுவில் ஒரு சதுரம் மட்டும் அன்றைக்கு வாங்கின மாதிரி. முட்டி இடத்தில் முட்டியின் வட்டம் தெரியும். அதை மறைக்க அவர்கள் முயலவில்லை, அப்படியே முன்பக்கம் வருகிற மாதிரி வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

எனவே உங்கள் அம்மா புடவைகளில் எங்கே கிழிசல் தைத்திருக்கிறார் என்று பாருங்கள். கொசுவம் செருகும் இடத்தில் நிறம் மங்கியிருக்கும், முந்தானை ஓரத்தில் கை துடைத்துத் துடைத்து நைந்திருக்கும், அடுப்பங்கரையில் கட்டின புடவை என்றால் எண்ணெய்க் கறை ஒன்றாவது இருக்கும். இதையெல்லாம் ஒதுக்க வேண்டாம். அவைதான் முதலில் வெட்ட வேண்டிய இடங்கள். பட்டுப் புடவைகளில் கை வைக்காதீர்கள், அதை அக்காவிடமும் சித்தியிடமும் கொடுங்கள். அன்றாடம் கட்டின பருத்திப் புடவைகள் ஏழெட்டு போதும். ஒரு புடவையை மட்டும் வெட்டாமல் முழுசாக மடித்து வையுங்கள், பின்னால் ஒருநாள் மனம் தேடும்.

சித்தி சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். அவருக்கும் அது அக்காவின் புடவை. வெட்டப் போகும் அன்றைக்கு அவரைக் கூப்பிடுங்கள், எந்தப் புடவை எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது, எது யார் வாங்கிக் கொடுத்தது என்று அவருக்குத்தான் தெரியும். கூட உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நீங்கள் வெட்டினால், முதல் துண்டுக்குப் பிறகு கத்தரியை அவரே கேட்டாலும் கேட்பார். மறுத்தால் கட்டாயப்படுத்த வேண்டாம், ஒரு வருஷம் பொறுங்கள்.

தைக்கத் தெரியாது என்பது பெரிய விஷயமே இல்லை. புடவைத் துண்டை ஒரு பெரிய துணிமேல் வைத்து, ஓரத்தைக் கால் இஞ்ச் உள்ளே மடித்து, மேலும் கீழுமாக ஊசியை ஓட்டுகிற ஓட்டுத் தையல் ஒன்று தெரிந்தால் போதும். சட்டைப் பட்டன் தைத்திருக்கிறீர்கள்தானே? அந்த அளவு கைப்பழக்கம் போதும்.

கேள்வி: இப்படி ஒட்டுப் போட்ட போர்வையை இந்தியாவில் யாராவது தைக்கிறார்களா? ஏன் அமெரிக்காவையே சொல்கிறீர்கள்?
– வாசகி, ஓசூர்

பதில்: நியாயமான கேள்வி, பதிலும் உங்களுக்கு அதிக தூரத்தில் இல்லை. கர்நாடகத்தில் வட கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் சித்திகள் என்ற மக்கள் இருக்கிறார்கள். முற்காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கடல் வழியாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். பலருடைய முன்னோர் போர்த்துகீசியர் ஆண்ட கோவாவில் அடிமைகளாக இருந்து, தப்பிக் காட்டுப் பகுதிக்கு வந்தவர்கள். அந்தப் பெண்கள் தைக்கிற போர்வைக்குக் கவந்தி என்று பெயர்.

ஜீஸ் பெண்ட்டில் நடுவிலிருந்து தொடங்கி வெளியே வளர்வார்கள் என்றேன் அல்லவா, கவந்தி அதற்கு நேர்மாறு. அடியில் ஒரு பழைய புடவையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரமாகவே துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டு சுற்றி வருவார்கள். ஒரு சுற்று முடிந்ததும் உள்ளே அடுத்த சுற்று. துண்டை இணைப்பதும் அடுக்குகளைச் சேர்ப்பதும் ஒரே ஓட்டுத் தையலில் நடந்துவிடும், சில துண்டுகளுக்கு மேல் இன்னொரு சின்னத் துண்டையும் வைப்பார்கள். கடைசியில் நடுவில் ஒரு சிறிய இடம் மிச்சமிருக்கும், அதற்கு ஏற்ற துண்டைத் தேடி மூடுவார்கள். நாலு மூலையிலும் துணியை மடித்து மடித்து முக்கோணமாகப் ‘பூ’ வைக்காவிட்டால் கவந்தி முடிந்ததாகக் கணக்கில்லை. தையல் மிஷின் இல்லாதவர்களுக்கும், முந்தைய கேள்வி கேட்ட ஈரோட்டுத் தம்பிக்கும் இந்த முறை இன்னும் சுலபம்.

கேள்வி: ஏழைப் பெண்களின் போர்வையை மியூசியத்தில் மாட்டிப் பெரிய விலைக்கு விற்கிறார்கள். இதில் அந்தப் பெண்களுக்கு என்ன கிடைத்தது? அழகு அழகு என்று நீங்களும் சொல்வது சரியா?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. 2002-இல் ஹூஸ்டனில் தொடங்கி அந்த வருஷமே நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்துக்கு வந்த கண்காட்சிக்குப் பிறகுதான் உலகம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை பத்து போர்வைகளைத் தபால்தலையாகவே வெளியிட்டது. புகழ் வந்த அளவுக்குப் பணம் தங்களுக்கு வரவில்லை என்று அந்த ஊர்ப் பெண்கள் சிலர் 2007-இல் வழக்குப் போட்டார்கள், அது மறு வருஷம் முடிவுக்கு வந்தது. அவர்கள் கேட்டது முழுக்க நியாயம் என்பதுதான் என் எண்ணம். தைத்த கைக்கு முதலில் சேர வேண்டும், பெயரும் சேர வேண்டும், அதனால்தான் மிசூரி பெட்வே என்று பெயரைச் சொல்லியே எழுதுகிறேன்.

ஆனால் அழகு என்று சொல்வதை நான் விடமாட்டேன். வறுமையில் தைத்தார்கள் என்பதால் அவர்களுக்கு நிறம் தெரியாது என்றாகிவிடுமா? இரண்டு பழுப்புத் துண்டுக்கு நடுவில் ஒரு மெல்லிய ஆரஞ்சுக் கோடு வைத்தவர், அது என்ன செய்யும் என்று தெரிந்தேதான் வைத்தார். குளிருக்காக மட்டும் என்றால் எந்தத் துண்டு எங்கே இருந்தால் என்ன? வெளியில் கொடியில் காயப்போட்டால் அடுத்த வீட்டுப் பெண் பார்ப்பாள், பார்த்து விட்டுப் போய்த் தன் போர்வையில் வேறு மாதிரி ஒன்று செய்து காட்டுவாள். வாசல் கோலத்தில் நம் தெருவில் நடக்கிற அதே போட்டி, அதே மகிழ்ச்சி.

கேள்வி: அளவில்லாமல் தைத்துப் பார்த்தேன். கட்டம் பெரிதாக ஆக, ஓரம் அலை அலையாக எழும்பி நிற்கிறது. தரையில் விரித்தால் அப்பளம் மாதிரி இருக்கிறது. பிரித்துவிடவா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பிரிக்க வேண்டாம். இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, பட்டைகளைக் கிராஸாக, அதாவது துணியின் நூல் போக்குக்குச் சாய்வாக, வெட்டியிருப்பீர்கள், கிராஸ் பீஸ் இழுபடும் என்பது ஜாக்கெட் கழுத்துக்குப் பட்டி வைத்த யாருக்கும் தெரியும். இரண்டு, பட்டையைக் கட்டத்தை விட நீளமாக வைத்து, அப்படியே தைத்துக்கொண்டு போய், முடிவில் மிஞ்சியதை வெட்டியிருப்பீர்கள். இனிமேல் பட்டையை முதலில் கட்டத்தின் நடுவில் வைத்து அந்த நீளத்துக்கு வெட்டிவிட்டு, இரு முனையையும் நடுவையும் ஊசி குத்திக்கொண்டு தையுங்கள். தேய்க்கும்போது இஸ்திரிப் பெட்டியைத் தள்ளாதீர்கள், வைத்து வைத்து எடுங்கள்.

இப்போது எழும்பி நிற்பதற்கு வழி இருக்கிறது. எந்த இடத்தில் அதிகம் எழும்புகிறதோ அங்கே ஓரத்திலிருந்து உள்ளே நோக்கி கத்தரியால் ஒரே வெட்டு, உங்கள் கை நீளத்துக்கு. வெட்டிய இரண்டு ஓரத்தையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி வையுங்கள், துணி தட்டையாகப் படுக்கிற வரைக்கும். மேலே ஏறி நிற்கிற அளவை வெட்டிவிட்டு இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள், உள்முனையில் தையல் கூர்மையாக முடியட்டும், ஜாக்கெட்டுக்கு டார்ட் பிடிப்பது போலத்தான். ஏற்றின அளவு அதிகமாகி இழுபட்டால் அந்தத் தையலைப் பிரித்து, இடைவெளியில் ஒரு ஆப்பு மாதிரி வேறு நிறத் துண்டைச் செருகலாம். நன்றாக வந்த கட்டத்தில் கத்தரி வைக்க முதல் தடவை கை நடுங்கும். எனக்கும் நடுங்கியது. ஆனால் தையுங்கள், கட்டத்தின் நடுவே ஒரு கோடு குறுக்காக ஓடி, பட்டைகள் எல்லாம் அந்த இடத்தில் ஒடிந்து திரும்பும் பாருங்கள், அதைப் பார்த்த பிறகு அடுத்த கட்டத்தில் தேவையில்லாமலே வெட்டத் தோன்றும்.

கேள்வி: எனக்கு 71 வயது. கண் பார்வை சுமார், கை மட்டும் இன்னும் நன்றாக இருக்கிறது. வரைபடம் இல்லாமல் தைத்தால் எங்கே நிறுத்துவது? எப்போது முடிந்தது என்று தெரியும்? ஆரம்பித்துவிட்டு முடிக்காமல் போய்விடுவேனோ என்று பேத்தியிடம் சொன்னேன், உங்களுக்கு எழுதச் சொன்னாள்.
– வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மா, பேத்திக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் உங்கள் இடது தோள் பக்கம் வருகிற மாதிரி உட்கார்ந்து தையுங்கள். காலையில் பேத்தி பள்ளிக்கூடம் போகும் முன் பத்து ஊசியில் நூல் கோத்துத் தலையணையில் குத்தி வைத்துவிட்டுப் போகட்டும், ஒரு நாளைக்கு அது போதும். வெளிர்த் துணியில் கருப்பு நூல், கருந்துணியில் வெள்ளை நூல் போடுங்கள், தையல் வெளியே தெரிந்தால் தெரியட்டும், உங்கள் கை தைத்தது என்று தெரிவது நல்லதுதானே.

பெரிய போர்வை என்று நினைத்து மலைக்காதீர்கள். ஒரு முழம் அளவில் தனித்தனிக் கட்டங்களாகத் தையுங்கள். நாலு முடிந்தால் குழந்தைப் போர்வை, பன்னிரண்டு முடிந்தால் ஒற்றைக் கட்டிலுக்கு ஆகும். கட்டங்கள் ஒன்றுக்கொன்று அளவு ஒத்துப்போகாது, சின்னதாக இருப்பதற்கு ஓரத்தில் ஒரு பட்டை வைத்துச் சரிக்கட்டுங்கள். ஒவ்வொரு கட்டமும் முடிகிற அன்றைக்கு அதன் பின்பக்கத்தில் தேதியை பென்சிலால் எழுதி வையுங்கள். எங்கே நிறுத்துவது என்பதற்கு ஜீஸ் பெண்ட்டில் கட்டில்தான் அளவு. உங்களுக்குப் பேத்திதான் அளவு. மாதம் ஒரு தடவை அவளைப் படுக்கச் சொல்லி மேலே விரித்துப் பாருங்கள். தலை வரைக்கும் இழுத்தால் கால் வெளியே தெரிகிறதா? அப்படியென்றால் இன்னும் ஒரு பட்டை வேண்டும். அவள் வளர்கிற வயது என்றால் இரண்டு பட்டையாகவே வைத்துவிடுங்கள்.